சித்தி வீட்டு லேப்டாப்பும் அந்த ‘எரேஸ் டிஸ்க்’ கேள்வியும்

2025 அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சாப்ட்டுட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு பாக்கறேன், சித்தி போன். சித்தி கோவில்பட்டில இருக்காங்க, வீட்லயே டியூசன் எடுக்கறாங்க, கொஸ்டின் பேப்பர் எல்லாம் அவங்களே டைப் அடிச்சு பிரிண்ட் எடுப்பாங்க. "எய்யா, லேப்டாப்ப தொறந்தா இனிமே இதுக்கு அப்டேட்டு கெடையாதுன்னு இங்கிலீசுல என்னமோ வருது. கடைல கொண்டு காட்டுனா, அம்மா இது ஆயுசு முடிஞ்ச கேசு, புதுசு வாங்கிக்கோங்கங்கான். நாப்பதாயிரம் ஆகுமாம்லா."

அந்த லேப்டாப்ப எனக்கு நல்லா தெரியும். சித்தி மகன் 2012ல பிளஸ் டூ படிக்கும்போது கவர்மெண்ட் குடுத்தது. 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டம் இருக்குல்ல, அதுல வந்தது. ஆன் பண்ணுனா விண்டோஸா பாஸ் லினக்ஸான்னு ரெண்டு சாய்ஸ் காட்டும். லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டர ஓட்டற, காசு குடுக்காம கெடைக்கற இன்னொரு சிஸ்டம். பாஸ்னா முதலாளி இல்ல, பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், மத்திய அரசோட சிடாக் நிறுவனம் பண்ணுனது. எங்க தெருவுல அந்த லேப்டாப் வாங்குன பசங்கள்ல ஒருத்தன் கூட ஆசையா அதுக்குள்ள போய் பாத்ததில்ல, கை தவறி உள்ள போயிட்டா வைரஸ் வந்துருச்சுன்னு கடைக்கு தூக்கிட்டு ஓடுவானுங்க. சித்தி மகனும் அப்படித்தான். அப்புறம் எப்பவோ ஒருத்தர் அதுல விண்டோஸ் 10 ஏத்தி குடுத்துட்டாரு. 2 ஜிபி ரேம்ல விண்டோஸ் 10. ஆன் பண்ணிட்டு போய் ஒல வச்சு சோறு வடிச்சுட்டு வந்தா டெஸ்க்டாப் வந்திருக்கும்.

விசயம் என்னன்னா 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு வருசம் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வாங்கிக்க வழி குடுத்தாங்க, ஆனா அது தலைவலிய தள்ளிப்போடறதுதான். விண்டோஸ் 11க்கு போகணும்னா டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் வேணும், 4 ஜிபி ரேம் வேணும், இன்டெல்னா ஏறக்குறைய 8ஆவது ஜெனரேஷன் வேணும், அதாவது 2017 பிற்பாதிக்கு அப்புறம் வந்த பிராசசர். சித்தி மெஷின் அதுக்கெல்லாம் தாத்தா. செக்கிங்க ஏமாத்தி 11அ ஏத்தறவங்க இருக்காங்க, ஏத்தட்டும், 10க்கே மூச்சு வாங்கற மெஷின்ல நான் அத பண்ண மாட்டேன்.

சரி சித்தி, புதுசெல்லாம் வேணாம், லினக்ஸ் போட்டுறலாம், ரொம்ப ஈசி, போன்லயே சொல்றேன் நீங்களே போட்டுறலாம்னு சொல்லிட்டேன். அந்த "ரொம்ப ஈசி"ய நான் வாபஸ் வாங்க மூணு நாள் ஆச்சு.

மொத நாள் டவுன்லோடு. லினக்ஸ்ல மின்ட்னு ஒரு வகை, அதோட ஐஎஸ்ஓ, அதாவது மொத்த சிஸ்டத்தையும் பேக் பண்ணுன ஒரே ஃபைல், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். சித்தி போன்ல டெய்லி ஒன்றரை ஜிபி பிளான். பாதி வந்து நின்னுருச்சு, மறுநாள் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டு வைஃபைய கேட்டு வாங்கி ஒருவழியா எறக்குனாங்க. அடுத்து பென்டிரைவ். "போட்டுட்டேன்யா"ன்னாங்க. பரவால்லயே, இவ்ளோ சீக்கிரமான்னு ஆச்சரியப்பட்டேன். பாத்தா அந்த ஃபைல அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்காங்க.

இந்த எடத்துல சிரிக்காதீங்க. லினக்ஸ் போட வர்ற பாதி பேர் மொத தடவ இதத்தான் பண்ணுவாங்க, நானும் பண்ணிருக்கேன். பாட்ட காப்பி பண்ணுனா பாட்டு ஓடுது, படத்த காப்பி பண்ணுனா படம் ஓடுது, இத மட்டும் காப்பி பண்ணக்கூடாது, ‘ரைட்’ பண்ணணும்னா யாருக்குத்தான் புரியும். ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு புரோகிராம் வச்சு எழுதுனாத்தான் மெஷின் அந்த பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகும், அதாவது ஸ்டார்ட் ஆகும். வென்டாய்னு ஒண்ணு 2020ல வந்துச்சு, எனக்கு அது மேல தனி மரியாதை. அத ஒரே ஒரு தடவ பென்டிரைவ்ல ஏத்திட்டா போதும், அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல சும்மா காப்பி பண்ணிப் போட்டாலே பூட் ஆகும், பத்து ஐஎஸ்ஓ போட்டா பத்தையும் லிஸ்ட் காட்டும். ‘நீ பண்ணுனது தப்பு’ன்னு சொல்லாம, அந்த தப்பையே சரின்னு ஆக்கி விட்டுட்டாங்க பாருங்க, ஈசி பண்றதுன்னா இதான்.

இந்த ஈசி பண்ற வேல லினக்ஸ் பக்கம் இன்னைக்கு நேத்து நடக்கறதில்ல. 2005ல இருந்து 2011 வரைக்கும் உபுண்டுங்கற லினக்ஸ் வகையோட சிடிய காசே வாங்காம தபால்ல அனுப்புவாங்க, ஷிப்பிட்னு பேரு. போஸ்ட்மேன் கைல இருந்து வாங்கி அப்படியே டிரைவ்ல போட வேண்டியதுதான். அப்புறம் 2008ல உபுண்டு 8.04 கூட வூபின்னு ஒண்ணு வந்துச்சு. விண்டோஸ்குள்ள ஒரு சாதா சாஃப்ட்வேர் மாதிரி டபுள் கிளிக் பண்ணி உபுண்டுவ போட்டுக்கலாம், பிடிக்கலன்னா கண்ட்ரோல் பேனல்ல போய் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிட்டே இருக்கலாம். பார்ட்டிசன், அதாவது டிஸ்க்க பாகம் பிரிக்கறது, அந்த வார்த்தையே வராது. நான் லினக்ஸ்குள்ள வந்ததே அந்த வாசல் வழியாத்தான். விண்டோஸ் 8, மெஷின ஸ்டார்ட் பண்ற யூஈஎஃப்ஐங்கற புது முறை எல்லாம் வந்ததும் அது ஒத்துவரல, 2013ல உபுண்டு 13.04ல இருந்து தூக்கிட்டாங்க. இன்ஸ்டாலர் அதுக்கப்புறம் எவ்வளவோ அழகாயிருக்கு, ஆனா வூபில இருந்த அந்த ‘பிடிக்கலன்னா திரும்பிக்கலாம்’ தைரியம் திரும்ப வரவே இல்ல. இத பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது நாள் பூட் மெனு, எதுல இருந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்கற லிஸ்ட். நாசமாப்போன பூட் மெனு. டெல்னா எஃப்12, எச்பின்னா எஃப்9, லெனோவோன்னா எஃப்12 இல்லன்னா ஓரத்துல குண்டூசி வச்சு அமுக்கற மாதிரி ஒரு குட்டி பட்டன், ஆசுஸ்னா எஸ்கேப், ஏசர்னா எஃப்12தான் ஆனா நெறைய மாடல்ல அது ஆஃப் பண்ணியே வரும், மொதல்ல எஃப்2 அமுக்கி பயாஸ்குள்ள, அதாவது மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்குள்ள போய் பூட் மெனுவ எனேபிள் பண்ணணும். ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு வேற வேற எடத்துல இருக்கற மாதிரி. போன்ல "எஃப்12 அமுக்குங்க சித்தி"ன்னா அவங்க நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க, அப்படி பிடிச்சா சில மெஷின் கீபோர்டு எரர்னு கத்தும், தட்டிக்கிட்டே இருக்கணும். போதாக்குறைக்கு 13 வருசத்து மெஷின், உள்ள இருக்கற சிமாஸ் பேட்டரி செத்துப்போச்சு, அதனால கரண்ட் போய் வந்தா தேதியும் மறந்துரும், பயாஸ்ல நாம மாத்துனதும் மறந்துரும், ஒவ்வொரு தடவையும் தேதி தப்பு, எஃப்1 அமுக்குன்னு கருப்பு ஸ்கிரீன்ல வந்து நிக்கும். சித்திக்கு அந்த கருப்பு ஸ்கிரீன பாத்ததும் கை ஓடல. "எய்யா, நான் எதையோ ஒடச்சுட்டேன் போல, வேண்டாம்யா, விட்டுரு."

மூணாவது நாள் நான் நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டேன்.

போறதுக்கு முன்னாடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடற வேகமான டிஸ்க்), செகண்ட் ஹேண்டுல ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும், பழைய ஹார்ட் டிஸ்க்க உள்ள போட ஒரு யூஎஸ்பி கேஸும் வாங்கிட்டேன். எல்லாம் சேத்து மூவாயிரத்துக்கு உள்ளதான். ரேம் வாங்கும்போது மேல ஸ்டிக்கர்ல பிசி3எல்-னு எல் போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க, அது கம்மி வோல்டேஜ்லயும் ஓடும் பழைய வோல்டேஜ்லயும் ஓடும், எல் இல்லாதத கொஞ்சம் பின்னாடி வந்த லேப்டாப்புங்க ஏத்துக்காது.

ஏன் எஸ்எஸ்டி வாங்குனேன், ஸ்பீடுக்குத்தானேன்னு நெனப்பீங்க. ஸ்பீடும்தான். ஆனா என் காரணம் வேற, அதுக்கு ஒரு பழைய பாவக்கதை இருக்கு. 2016ல ரூம்மேட் ஒருத்தன் லேப்டாப்ல உபுண்டு போட்டுத் தரேன்னு ஒக்காந்தேன். இன்ஸ்டாலர் ஒரு எடத்துல கேக்கும், எரேஸ் டிஸ்க்கா, பக்கத்துலயே போடவா, இல்ல வேற எதாவதான்னு. அவன்கிட்ட "டிஸ்க்க எரேஸ் பண்ணலாமாடா"ன்னு கேட்டேன். "பண்ணு, சி டிரைவ்ல ஒண்ணுமில்ல"ன்னான். அவன் மனசுல டிஸ்க்னா சி டிரைவ். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்னா சி, டி, ஈ எல்லாம் சேந்த மொத்த டப்பா. நானும் பேசிக்கிட்டே ஓகே குடுத்துட்டேன். அவன் அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் டி டிரைவ்ல இருந்துச்சு. ரெக்கவரி சாஃப்ட்வேர் வச்சு ரெண்டு ராத்திரி முக்குனதுல பாதி வந்துச்சு, மீதி வரவே இல்ல. அவன் ஒண்ணும் சொல்லல, அதான் இன்னமும் உறுத்துது.

அதனால இப்பல்லாம் என் வழி இதான்: பழைய ஹார்ட் டிஸ்க்க ஸ்க்ரூ கழட்டி வெளிய எடுத்து மேசை மேல வச்சிடு. புது எஸ்எஸ்டிய உள்ள மாட்டு. இப்ப எரேஸ் டிஸ்க்னு கேட்டா தைரியமா ஆமான்னு அமுக்கு, அதுல எரேஸ் ஆக என்ன இருக்கு? பிடிக்கலன்னா பழச திரும்ப மாட்டுனா பழைய விண்டோஸ் அப்படியே நிக்கும். மேல சொன்னேன்ல வூபி குடுத்த தைரியம்னு, அதே தைரியம், சாஃப்ட்வேர்ல இல்லாம ஸ்க்ரூடிரைவர்ல. பார்ட்டிசன், ரெண்டு சிஸ்டத்தையும் ஒரே மெஷின்ல வைக்கற டூயல் பூட், விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்றது, எதையும் புதுசா வர்றவங்களுக்கு வெளக்க வேண்டியதில்ல. பழைய லேப்டாப்ல இதுக்கு ஒரு வசதியும் உண்டு, அடில ஒரே மூடி, ரெண்டு மூணு ஸ்க்ரூ, டிஸ்க்க லேசா நகத்துனா சாக்கெட்ல இருந்து வந்துரும். இப்ப வர்ற ஒல்லி லேப்டாப்ப தொறக்கறதுக்கே தனி படிப்பு வேணும்.

சித்திக்கு நான் பண்ணித் தரல. பக்கத்துல சேர் போட்டு ஒக்காந்தேன், ஸ்க்ரூ அவங்களே கழட்டுனாங்க. தையல் மிஷின் பாபின் மாத்தற கை, என்ன விட நீட்டா கழட்டுனாங்க. நான் சென்னைலயே எழுதிக் கொண்டுபோன பென்டிரைவ சொருகி, எஃப்12அ டக்கு டக்குன்னு தட்டி, மின்ட் வந்து நின்னப்ப "இம்புட்டுத்தானா"ன்னாங்க.

மின்ட் 22ல எக்ஸ்எஃப்சிஈன்னு இருக்கற லேசான எடிசன் போட்டோம். 2029 வரைக்கும் அப்டேட் வரும், 2 ஜிபி ரேம்லயும் ஓடும்னு அவங்களே சொல்றாங்க, 4 இருந்தா நல்லதுன்னும் சொல்றாங்க. 2 ஜிபில ஓடும்தான், ஆனா பிரவுசர்ல நாலு டேப் தொறந்தா மூச்சு திணறும், அதுக்குத்தான் ரேம் வாங்குனது. எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை நல்லதுன்னு கேட்டா நான் பத்து பேர லிஸ்ட் போட்டு சொல்ல மாட்டேன், ஒண்ணுதான் சொல்வேன். புதுசா வர்றவங்கள ஓட வைக்கறதே அந்த லிஸ்ட்தான். 32 பிட், அதாவது பழைய வகை பிராசசர் உள்ள மெஷின்னா மட்டும் கதை வேற, உபுண்டு 2017லயே 32 பிட் டெஸ்க்டாப்ப நிறுத்திருச்சு, 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13ங்கற இன்னொரு லினக்ஸ்லயும் அதுக்கு இன்ஸ்டாலர் கெடையாது, ஆன்டிஎக்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். ஆனா ஒண்ணு கவனிக்கணும், விண்டோஸ் 32 பிட்னு காட்டறதால மெஷின் 32 பிட்னு அர்த்தமில்ல. அந்த காலத்துல சின்ன லேப்டாப்புல எல்லாம் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருக்கே, அதுல 64 பிட்டே கெடையாது, உள்ள இருக்கற பிராசசர் 64 பிட்டா இருந்தாலும் அது 32ன்னுதான் சொல்லும். பிராசசர் பேர பாத்து தேடிப் பாருங்க, இன்டெல் கோர் வரிசைல கோர் 2 டியோவுல இருந்து எல்லாமே 64தான், அந்த காலத்து ஆட்டம் பிராசசர் சிலது மட்டும் 32. நல்ல மெஷின இந்த ஒரு வார்த்தைய நம்பி குப்பைல போட்டவங்கள எனக்குத் தெரியும்.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பென்டிரைவ்லயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். இத மட்டும் யாரும் தாண்டாதீங்க. சவுண்டு வருதா, டச்பேடு வேல செய்யுதா, கேமரா தெரியுதா எல்லாம் அப்பவே தெரிஞ்சுரும். ஸ்கிரீன் கருப்பா நின்னா மொத மெனுல காம்பேட்டிபிலிட்டி மோடுன்னு ஒரு வரி இருக்கும், அத எடுங்க. சித்தி மெஷின்ல வைஃபை மட்டும் வரல. இதுக்கு ஒரு சூப்பர் வழி இருக்கு: ஆண்ட்ராய்டு போன சார்ஜர் ஒயர்ல லேப்டாப்போட மாட்டி, போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, ஒரு டிரைவரும் இல்லாம நெட் வந்துரும். அந்த நெட்ட வச்சு டிரைவர் மேனேஜர் தொறந்தா வைஃபை டிரைவர அதுவே கண்டுபிடிச்சு போட்டுக்கும். 

அப்புறம் இன்ஸ்டால். அத எழுத ஒண்ணுமே இல்ல. மொழி, கீபோர்டு, பாட்டு, வீடியோ ஓட வேண்டிய கோடெக்க போடவான்னு ஒரு டிக், எரேஸ் டிஸ்க், ஊரு எது (கொல்கத்தான்னு காட்டும், "நமக்கெதுக்குய்யா கல்கத்தா"ன்னு சித்தி கேட்டாங்க, இந்தியா முழுக்க அதான் சித்தின்னேன்), பேரும் பாஸ்வேர்டும், முடிஞ்சுது. அவங்க போய் காப்பி போட்டுட்டு வர்றதுக்குள்ள ரீஸ்டார்ட் கேட்டுச்சு. மூணு நாள் பட்ட பாடெல்லாம் இதுக்கு முன்னாடிதான்.

பின்னாடியும் ஒரு பாடு இருந்துச்சு. பழைய டிஸ்க்க யூஎஸ்பி கேஸ்ல போட்டு ஃபைல எல்லாம் இழுத்தோம், கொஸ்டின் பேப்பர தொறந்தா எல்லாம் இங்கிலீசு எழுத்தா கன்னாபின்னான்னு கெடக்கு. சித்தி மொகமே மாறிடுச்சு. நல்லவேள எனக்கு ஒடனே பிடிபட்டுச்சு, எல்லாம் பாமினி ஃபான்ட்ல அடிச்சது, யூனிகோடே இல்ல, இங்கிலீசு எழுத்துக்கு தமிழ் சட்ட போட்ட மாதிரி. பழைய டிஸ்க்ல விண்டோஸ் ஃபோல்டர்குள்ள ஃபான்ட்ஸ்ல போய் பாமினிய எடுத்து இங்க போட்டதும் அத்தனையும் தமிழாயிடுச்சு. லிப்ரெ ஆஃபிஸ்ல அந்த ஃபான்ட செலக்ட் பண்ணிட்டு பழைய மாதிரியே அடிக்கவும் செய்யலாம், அதே கீதான். யூனிகோட்ல அடிக்கற தமிழ்99 கீபோர்ட கத்துக்கோங்க சித்தின்னு சொல்லி, மொழி மாத்தி அடிக்க உதவற ஐபஸ்ல அதையும் போட்டு வச்சேன், "பாக்கலாம்"ன்னாங்க, அந்த பாக்கலாம்க்கு என்ன அர்த்தம்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் லினக்ஸ் போடுங்கன்னு நான் சொல்ல வரல. விண்டோஸ்ல ஓடற டேலி வச்சு கணக்கு பாக்கறவருக்கு போட்டுவிட்டீங்கன்னா மறுநாள் காலைல உங்க வீட்டு வாசல்ல நிப்பாரு. பழைய லேசர் பிரிண்டர் சிலதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கும் ஆனா இருக்காது, அந்த மாதிரி. மொதல்ல ஓட்டிப் பாக்கறப்பவே பிரிண்டரையும் மாட்டி ஒரு பக்கம் அடிச்சுப் பாத்துருங்க.

கெளம்பற அன்னைக்கு ராத்திரி ஒரு ஏ4 பேப்பர்ல சித்திக்கு எல்லாத்தையும் எழுதி வச்சேன். நெட்ல இருக்கற கைடு எல்லாம் எல்லா மெஷினுக்கும் சேத்து எழுதிருப்பாங்க, ‘உங்க கம்ப்யூட்டர பொறுத்து எஃப்2 அல்லது எஃப்10 அல்லது எஃப்12 அல்லது டெலிட்’னு. அந்த மூணு ‘அல்லது’ல தான் ஆளு தொலைஞ்சு போறான். நான் எழுதுனது அந்த ஒரே லேப்டாப்புக்கு. பென்டிரைவ இடது பக்கம் மேல் ஓட்டைல சொருகு. எஃப்12. ரெண்டாவது வரி. பழைய டிஸ்க்க கழட்டாம எரேஸ் டிஸ்க் அமுக்காதன்னு மட்டும் செவப்பு மைல. மொத்தம் பதினோரு வரி, ஒரு ‘அல்லது’ கூட கெடையாது. பென்டிரைவையும் அங்கயே விட்டுட்டு வந்தேன்.

பொங்கல் கழிச்சு சித்திட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. அவங்க கூட வாக்கிங் போற டீச்சரோட லேப்டாப்ப தொறந்து வச்சிருக்காங்க, மேசை மேல பழைய டிஸ்க், ஸ்க்ரூ எல்லாம் ஒரு குங்குமச்சிமிழ் மூடில பத்திரமா, ஸ்கிரீன்ல மின்ட். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. போன் போட்டு எப்படி சித்தின்னா, "உன் பேப்பர்ல எஃப்12ன்னு தப்பா போட்டிருக்கய்யா, டீச்சரோடது அதுல வரவே மாட்டேன்னுச்சு. நான் எஃப்1ல இருந்து வரிசையா ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி தட்டிப் பாத்தேன், எஃப்9ல வந்துச்சு" அப்படின்னாங்க.

அப்புறம் இன்னொரு போட்டோ வந்துச்சு. அந்த ஏ4 பேப்பர், லேமினேட் பண்ணிருக்காங்க, அதுக்கு முன்னாடியே பால்பாயிண்ட்ல திருத்தம் வேற. எஃப்12க்கு பக்கத்துல ‘டீச்சர் வீட்டுக்கு எஃப்9’ன்னு எழுதி, அதுக்கு கீழ ரெண்டு கோடு போட்டு ‘அமுக்கிப் பிடிக்கக்கூடாது, தட்டணும்’.